போனில் சொன்ன ‘சரி’யைத் திரும்பப் பெற முடியுமா?

தொலைபேசியில் பேசி விற்கப்பட்ட பொருளையோ சேவையையோ வேண்டாம் என்று திருப்பிவிட முடியுமா என்று கேட்டு வாசகர்கள் பலர் எழுதியிருப்பதால், இந்த இதழின் சட்டக் கேள்வி-பதில் பகுதியை முழுவதும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். எழுதியவர்களின் பெயர்களையும் அவர்கள் குறிப்பிட்ட நிறுவனங்களின் பெயர்களையும் தவிர்த்திருக்கிறோம்.

கேள்வி: என் தந்தை ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், வயது 64. அவருடைய பழைய பாலிசியில் ரூ.1,84,000 போனஸ் தேங்கிக் கிடப்பதாகவும், அதை விடுவிக்க ரூ.60,000 கட்ட வேண்டும் என்றும் ஒரு பெண் ஒரு வாரம் தொடர்ந்து போனில் பேசியிருக்கிறார். அப்பாவும் நம்பிக் கட்டிவிட்டார். ஆனால் வீட்டுக்கு வந்து சேர்ந்தது பத்து ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் ரூ.60,000 கட்ட வேண்டிய புதிய ஆயுள் காப்பீட்டுப் பத்திரம். அது வந்து 12 நாட்கள் ஆகின்றன. பணம் திரும்பக் கிடைக்குமா?
*(வாசகி, கும்பகோணம்)*

பதில்: கிடைக்கும். இதழ் அச்சாகி உங்கள் கைக்கு வருவதற்குள் கெடு முடிந்துவிடக்கூடும் என்பதால், உங்கள் கடிதம் வந்த அன்றே சுருக்கமாகப் பதில் அனுப்பிவிட்டோம். இங்கே மற்ற வாசகர்களுக்காகச் சற்று விரிவாக எழுதுகிறோம்.

காப்பீட்டுப் பாலிசி எடுத்தவர் பத்திரத்தைப் படித்துப் பார்த்து, நிபந்தனைகள் தமக்கு ஒத்துவரவில்லை என்று கருதினால் அதை ரத்து செய்துகொள்ளலாம். இதற்கு அளிக்கப்படும் காலத்தைக் காப்பீட்டுத் துறையில் ‘ஃப்ரீ லுக்’ காலம் என்பார்கள். முன்பு முகவர் நேரில் வந்து விற்றால் 15 நாட்கள், தொலைபேசி போன்ற தொலைதூர வழிகளில் விற்றால் 30 நாட்கள் என்று வேறுபாடு இருந்தது. காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம் 2024-இல் வெளியிட்ட பாலிசிதாரர் நலப் பாதுகாப்பு விதிகள் எல்லாவற்றுக்கும் 30 நாட்கள் என்று ஆக்கிவிட்டன. இந்த 30 நாட்கள், பணம் கட்டிய நாளிலிருந்தோ பாலிசி தொடங்குவதாகப் பத்திரத்தில் அச்சிட்டிருக்கும் நாளிலிருந்தோ அல்ல, பத்திரம் உங்கள் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து எண்ணப்படும்.

வழக்குகள் சிக்கலாவது பெரும்பாலும் இந்த ‘கிடைத்த நாள்’ விஷயத்தில்தான். இப்போது பாலிசிகள் மின்னணு வடிவில் மின்னஞ்சலுக்கே வந்துவிடுகின்றன. விண்ணப்பப் படிவத்தைத் தொலைபேசியில் பேசியவரே நிரப்பியிருந்தால், மின்னஞ்சல் முகவரி என்ற இடத்தில் உங்கள் தந்தை கேள்விப்பட்டேயிராத ஒரு முகவரி இருக்கக்கூடும். அப்படியானால் அந்த முகவரிக்குப் பத்திரம் போய்ச் சேர்ந்ததை, உங்கள் தந்தைக்குக் கிடைத்ததாகக் கொள்ள முடியாது என்று நீங்கள் வாதாடலாம். ஆகவே பத்திரத்தோடு இணைத்திருக்கும் விண்ணப்ப நகலை முதலில் புரட்டிப் பாருங்கள். கைபேசி எண், மின்னஞ்சல், ஆண்டு வருமானம், கையெழுத்து ஆகிய நான்கையும் சரிபாருங்கள். ஆண்டு ஓய்வூதியம் மூன்றரை லட்சம் வாங்குபவருக்குப் பன்னிரண்டு லட்சம் வருமானம் என்று எழுதியிருந்தால் அதுவே பின்னால் உங்களுக்குச் சாட்சியாகும். தபாலில் வந்திருந்தால் உறையைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்; உறையின் மேல் ஒட்டியிருக்கும் பட்டையில் உள்ள தபால் எண்ணை வைத்து, அது எந்த நாளில் உங்கள் வீட்டில் கொடுக்கப்பட்டது என்பதைக் காட்ட முடியும்.

ரத்துக் கடிதம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. ‘இந்த எண்ணுள்ள பாலிசிப் பத்திரம் இந்தத் தேதியில் எனக்குக் கிடைத்தது; இதன் தவணைக் காலமும் நிபந்தனைகளும் எனக்கு ஏற்புடையவை அல்ல; ஃப்ரீ லுக் காலத்துக்குள் இதை ரத்து செய்து, கட்டிய தொகையைக் கீழ்க்காணும் வங்கிக் கணக்கில் செலுத்தவும்’ என்று உங்கள் தந்தை தம் கையால் எழுதிக் கையெழுத்திட்டால் போதும். பத்திரத்தில் அச்சிட்டிருக்கும் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை மின்னஞ்சலுக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். அருகில் கிளை இருந்தால் நேரில் கொடுத்து, நகலில் தேதியுடன் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் விரைவுத் தபாலில் அனுப்புங்கள்; பதிவுத் தபால் 2025-இல் அதனோடு இணைக்கப்பட்டுவிட்டது. போனில் பேசிய பெண்ணிடம் மட்டும் ரத்து செய்யச் சொல்லிக் காத்திருக்காதீர்கள். ‘மேலிடத்துக்கு அனுப்பிவிட்டேன், அடுத்த வாரம் பணம் வந்துவிடும்’ என்று இனிக்க இனிக்கப் பேசி 31-ஆவது நாள் வரை இழுத்தடிப்பது இந்தத் தொழிலில் வழக்கமாக நடப்பதுதான்.

ரூ.60,000-உம் முழுமையாக வராது. இத்தனை நாட்கள் உயிர்க் காப்பு இருந்ததற்கான சிறு தொகை, மருத்துவப் பரிசோதனை நடந்திருந்தால் அதன் செலவு, முத்திரைக் கட்டணம் ஆகிய மூன்றை மட்டும் கழித்துக்கொண்டு மீதியைத் தர வேண்டும். முகவருக்குக் கொடுத்த கமிஷன், நிர்வாகச் செலவு என்று வேறெதையும் கழிக்க இடமில்லை. யூலிப் வகைப் பாலிசியானால், அதாவது கட்டும் பணத்தில் ஒரு பகுதி சந்தையில் முதலீடு செய்யப்படும் பாலிசியானால், அன்றைய யூனிட் மதிப்பைப் பொறுத்துத் தொகை கூடவோ குறையவோ செய்யும். விண்ணப்பம் சேர்ந்த 7 நாட்களுக்குள் பணத்தைத் திருப்ப வேண்டும் என்பது ஆணையத்தின் உத்தரவு.

உங்கள் கடிதத்தின் கடைசியில், பத்திரம் வருவதற்கு முன் நிறுவனத்திலிருந்து ஒரு சரிபார்ப்பு அழைப்பு வந்ததாகவும், அதற்கு முன்பே அந்தப் பெண் உங்கள் தந்தையிடம், ‘அவங்க என்ன கேட்டாலும் யெஸ்னு மட்டும் சொல்லுங்க சார், அப்பதான் போனஸ் ரிலீஸ் ஆகும்’ என்று சொல்லிவைத்ததாகவும், அப்பாவும் பள்ளிக்கூடத்து வருகைப் பதிவு போல எல்லாவற்றுக்கும் ‘யெஸ்’ சொல்லிவிட்டதாகவும் எழுதி வருந்தியிருக்கிறீர்கள். 30 நாட்களுக்குள் இருக்கும்வரை அந்த ‘யெஸ்’ஸால் உங்களுக்குக் குறையொன்றும் இல்லை. ஃப்ரீ லுக் உரிமை, நீங்கள் போனில் என்ன சொன்னீர்கள் என்று கேட்பதே இல்லை. அது பத்திரத்தையும் தேதியையும் மட்டுமே பார்க்கிறது.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் எவருக்கும் பாலிசி விற்பதில்லை. போனஸ் அறிவிப்பதோ விடுவிப்பதோ அதன் வேலை அல்ல. இதை அந்த ஆணையமே பலமுறை பொது அறிவிப்பாக வெளியிட்டிருக்கிறது. அதன் பெயரைச் சொல்லி அழைப்பு வந்தால், அந்த அழைப்பு மோசடி என்று உடனே முடிவு கட்டலாம். கட்டிய பணம் காப்பீட்டு நிறுவனத்தின் கணக்குக்குப் போகாமல் ஒரு தனிநபர் கணக்குக்குப் போயிருந்தால், அங்கே ரத்து செய்வதற்குப் பாலிசியே இருக்காது. உடனே 1930 என்ற இணையவழிக் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ, பணத்தை நடுவழியில் முடக்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

கேள்வி: ‘வட்டியில்லாக் கடன் கிடைக்கும்’ என்று சொல்லி எனக்கும் இதே போல் ஒரு பாலிசி விற்றார்கள். ஐந்து மாதங்கள் கழிந்துவிட்டன. இனி ஒன்றும் செய்ய முடியாதா?
*(வாசகர், திருநெல்வேலி)*

பதில்: 30 நாட்கள் கடந்துவிட்டதால் காரணம் நிரூபிக்காமலே ரத்து செய்யும் எளிய வழி அடைபட்டுவிட்டது. இனி, ‘பொய் சொல்லி விற்றார்கள்’ என்பதை நீங்கள் காட்டியாக வேண்டும். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், ஏமாற்றியோ தவறான தகவல் தந்தோ பெறப்பட்ட சம்மதத்தால் உருவான ஒப்பந்தத்தை, ஏமாந்தவர் விரும்பினால் தள்ளிவிடலாம் என்கிறது. ஆனால் அதே சட்டத்தின் 19-ஆவது பிரிவில் ஒரு விதிவிலக்கும் இருக்கிறது: சம்மதித்தவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தாலே உண்மை தெரிந்திருக்கும் என்னும் நிலை இருந்தால், தவறான தகவல் என்ற வாதம் வலுவிழந்துவிடும். பத்திரத்தை ஐந்து மாதங்கள் பீரோவில் வைத்திருந்தவரை நோக்கி நிறுவனத்தின் வழக்கறிஞர் எடுக்கும் முதல் ஆயுதம் இதுதான். எனவே நீங்கள் ஏன் படிக்கவில்லை, எப்போது உண்மை தெரிந்தது, தெரிந்த பின் என்ன செய்தீர்கள் என்பதைத் தேதிவாரியாக எழுதுங்கள். கைபேசியின் அழைப்புப் பட்டியல், வாட்ஸ்அப்பில் அவர்கள் அனுப்பிய ‘கடன் ஒப்புதல் கடிதம்’, எஸ்.எம்.எஸ்.கள் ஆகியவற்றை அழிக்காமல் படமெடுத்து வையுங்கள்.

முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத வேண்டும். விற்பனை அழைப்பின் ஒலிப்பதிவை எழுத்துமூலமாகக் கேளுங்கள். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை (ஆம்புட்ஸ்மேன்) அணுகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. 50 லட்சம் ரூபாய் வரையிலான புகார்களை அவர் விசாரிக்கலாம். கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் தேவையில்லை. எல்லா வழியும் அடைபட்டால், 2024 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்த மாற்றத்தின்படி, முதல் ஆண்டுப் பிரீமியம் முழுவதையும் கட்டி ஓராண்டு முடித்த பாலிசிக்கும் ஒரு சரண்டர் தொகை, அதாவது பாலிசியை இடையிலேயே ஒப்படைத்தால் தரும் தொகை, கிடைக்கும். அது போட்டதைவிடக் குறைவுதான். ஆனால் அடுத்த ஒன்பது ஆண்டுகளுக்குப் பணம் கட்டாமல் தப்பிப்பதோடு ஒப்பிட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: நான் எதிலும் கையெழுத்துப் போடவில்லை, நான்-ஸ்டிக் சட்டி விற்கப் போனில் அழைத்தவரிடம் ‘சரி, அனுப்புங்க’ என்று மட்டும்தான் சொன்னேன். அது எப்படி ஒப்பந்தம் ஆகும்?
*(வாசகர், நாமக்கல்)*

பதில்: ஆகும். பலரும் நம்புவது போல, எழுத்தில் இல்லாவிட்டால் ஒப்பந்தமே இல்லை என்பது நம் சட்டம் அல்ல. 1965-இல் உச்ச நீதிமன்றம் பகவான்தாஸ் கேடியா வழக்கில் தந்த தீர்ப்பு இதற்கு நல்ல உதாரணம். அகமதாபாத் வியாபாரி ஒருவர் தொலைபேசியில் பருத்திக்கொட்டைப் பிண்ணாக்குக்கு விலை பேசினார். மகாராஷ்டிரத்தின் காம்காவிலிருந்து மறுமுனையில் பேசியவர் அதை ஏற்றுக்கொண்டார். பிறகு சரக்கு வரவில்லை. வழக்கை எந்த ஊரில் போடலாம் என்ற கேள்வி எழுந்தபோது, ஏற்றுக்கொண்ட சொல் எந்த ஊரில் காதில் விழுந்ததோ அந்த ஊரில்தான் ஒப்பந்தம் உருவானது என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னார்கள். அந்தப் பிண்ணாக்குக்குப் பொருந்தியது உங்கள் நான்-ஸ்டிக் சட்டிக்கும் பொருந்தும்.

ஆனால் நீங்கள் ‘சரி’ என்றே சொல்லாமல், ‘யோசித்துச் சொல்கிறேன்’ என்று வைத்துவிட்டீர்கள்; அவர்கள், ‘இரண்டு நாளில் மறுப்பு வராததால் ஆர்டர் உறுதி’ என்று அனுப்பிவிட்டார்கள் என்றால் கதை வேறு. மௌனம் சம்மதம் என்பது கல்யாணப் பேச்சில் செல்லுபடியாகலாம். வியாபாரத்தில் வாயைத் திறக்காதவரை வாங்கியவராக ஆக்க முடியாது. ஒப்பந்தச் சட்டத்தின்படி ஏற்பு என்பது வெளிப்பட வேண்டும், நிபந்தனையின்றி முழுமையாக இருக்க வேண்டும்.

கேள்வி: மாமியாருக்காகப் போனில் ஆர்டர் செய்து, பொருள் வந்ததும் பணம் கொடுத்து, கால் மசாஜ் இயந்திரம் ஒன்றை ரூ.6,490-க்கு வாங்கினேன். அந்த அதிர்வு அவருக்குப் பயமாக இருக்கிறதாம். இரண்டே நாளில் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னால், ‘எங்கள் பாலிசியில் ரிட்டர்ன் இல்லை மேடம்’ என்கிறார்கள்.
*(வாசகி, கோயம்புத்தூர்)*

பதில்: பிடிக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக, போனில் வாங்கிய எந்தப் பொருளையும் திருப்பித் தரலாம் என்னும் பொதுவான உரிமையை இந்தியச் சட்டம் இதுவரை தரவில்லை. விற்பவரே அப்படியொரு சலுகையை அறிவித்திருந்தால் மட்டுமே அதைக் கேட்டுப் பெற முடியும். நேரடி விற்பனைத் துறைக்கென்று 2021-இல் வந்த விதிகள் வாங்குபவருக்கு மனம் மாற ஒரு கால அவகாசம் தருகின்றன. ஆனால் அவை வீடு வீடாகச் சென்றும் உறுப்பினர் வலைப்பின்னல் மூலமாகவும் விற்கும் நிறுவனங்களுக்கானவை. உங்கள் டெலிகாலர் அதில் வரமாட்டார்.

பொருளில் குறை இருந்தால் நிலைமை தலைகீழாக மாறிவிடும். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், ‘குறைபாடு’ என்பதற்குச் சொல்லும் இலக்கணத்தில், விற்பவர் எந்த விதத்தில் சொன்ன தரமாக இருந்தாலும் அந்தத் தரம் பொருளில் இல்லாவிட்டால் அதுவும் குறைபாடே என்கிறது. ‘எந்த விதத்தில்’ என்ற அந்தச் சொல் போனில் பேசியதையும் உள்ளடக்கும். ‘சத்தமே வராது, வயதானவர்களுக்கென்றே மென்மையாகச் செய்தது’ என்று அவர்கள் சொல்லியிருந்து, வந்தது மாவு மில் போல அதிர்ந்தால், உங்கள் புகாரை ‘மாமியாருக்குப் பயம்’ என்று எழுதாதீர்கள். ‘விற்பனையின்போது சொன்ன தன்மை பொருளில் இல்லை’ என்று எழுதுங்கள். உண்மையாகவே அப்படிச் சொல்லியிருந்தால் மட்டும்தான். குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுத்து, ரசீதில் குறிப்பிட்ட காலத்துக்குள்ளோ, அப்படிக் காலம் குறிப்பிடாதபோது 30 நாட்களுக்குள்ளோ பணத்தைத் தராமல் இருப்பதை நேர்மையற்ற வணிக நடைமுறை என்று அதே சட்டம் வரையறுக்கிறது. ரசீதே தராமல் விற்பதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. ‘கூரியர் செலவு செய்து நீங்களே அனுப்பி வையுங்கள்’ என்று விற்பவர் சொல்வார். 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் 43-ஆவது பிரிவின்படி, மறுக்க உரிமையுள்ள ஒருவர், வேறுவிதமாகப் பேசிக்கொண்டிருந்தால் அன்றி, பொருளைத் திருப்பி அனுப்பக் கடமைப்பட்டவர் அல்ல. ஏற்கவில்லை என்று தெரிவித்துவிட்டால் போதும். ஆனால் அந்தத் தெரிவித்தலில் தாமதம் கூடாது. நியாயமான காலத்துக்கு மேல் சும்மா வைத்திருந்தால் ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படும்.

மசாஜ் இயந்திரத்தோடு போகட்டும். சர்க்கரை நோயை அறவே குணமாக்கும் லேகியம் என்று போனில் விற்பவர்களிடம் ஏமாந்ததாகவும் இரண்டு கடிதங்கள் வந்துள்ளன. நீரிழிவு உள்ளிட்ட குறிப்பிட்ட நோய்களைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதையே 1954-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடை செய்கிறது. வாய்மொழி அறிவிப்பும் அந்தச் சட்டத்தின்படி விளம்பரம்தான். அத்தகைய பொட்டலம் வாசலுக்கு வந்தால் பணம் கொடுக்காமல் திருப்பி அனுப்புவதே நல்லது. டப்பாவைத் திறந்து இரண்டு வேளை சாப்பிட்ட பிறகு எங்களுக்கு எழுதுவதைவிட, முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: ‘வாழ்நாள் முழுதும் இலவசம்’ என்று போனில் சொல்லி ஒரு கிரெடிட் கார்டு அனுப்பினார்கள். நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். இப்போது ரூ.1,179 ஆண்டுக் கட்டணம் என்று பில் வந்திருக்கிறது.
*(வாசகர், மதுரை)*

பதில்: இந்த விஷயத்தில் சட்டம் உங்கள் பக்கம் உறுதியாக நிற்கிறது. கேட்காதவருக்குக் கார்டு கொடுப்பதை ரிசர்வ் வங்கியின் நெறிமுறைகள் முற்றிலும் தடை செய்கின்றன. வெளிப்படையான சம்மதம் இல்லாமல் கொடுத்த கார்டுக்குக் கட்டணம் விதித்தால், அதை நீக்குவதோடு, நீக்கிய தொகையைப் போல் இரண்டு மடங்கை உங்களுக்கு அபராதமாகவும் தர வேண்டும். கார்டு கொடுத்து 30 நாட்களுக்கு மேல் பயன்பாட்டுக்கு வராமல் இருந்தால், ஓ.டி.பி. மூலம் உங்கள் சம்மதத்தைக் கேட்க வேண்டும். நீங்கள் சம்மதிக்காவிட்டால் 7 வேலை நாட்களுக்குள் கட்டணமின்றி மூட வேண்டும். அதனால் ‘கார்டை ரத்து செய்ய ஓ.டி.பி. சொல்லுங்கள்’ என்று எவராவது அழைத்தால் சொல்லிவிடாதீர்கள், அந்த ஓ.டி.பி. கார்டை உயிர்ப்பிப்பதற்கானதாக இருக்கக்கூடும்.

ஒருவேளை கார்டைப் பயன்படுத்தியிருந்தாலும், நிலுவையைக் கட்டிவிட்டு மூடச் சொன்னால் 7 வேலை நாட்களில் மூட வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் ரூ.500 தர வேண்டும். எழுத்தில் புகார் கொடுத்து 30 நாட்களில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விசாரிக்க 14448 என்ற எண் இருக்கிறது.

கேள்வி: போனில் பேசியதை நம்பிச் செயலி மூலம் கடன் வாங்கிவிட்டேன். மறுநாளே திருப்பிக் கொடுத்தால் அபராதம் உண்டா?
*(வாசகர், ஓசூர்)*

பதில்: டிஜிட்டல் கடன்களுக்கு ‘கூலிங் ஆஃப்’ காலம், அதாவது மனம் மாறினால் விலகிக்கொள்வதற்கான அவகாசம், கட்டாயம்; அது ஒரு நாளுக்குக் குறையக் கூடாது, எத்தனை நாள் என்பதை நிறுவனம் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் அசலையும் அந்த நாட்களுக்கான வட்டி முதலிய செலவையும் கட்டினால் அபராதம் கிடையாது. முன்பே தெரிவித்திருந்த செயல்முறைக் கட்டணத்தை மட்டும் அவர்கள் வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: ‘குலுக்கலில் பரிசு விழுந்திருக்கிறது, தம்பதியாக வந்து வாங்கிக்கொள்ளுங்கள்’ என்று அழைத்தார்கள். ஓட்டலுக்குப் போனால் மூன்று மணி நேரம் பேசி, விடுமுறை விடுதி உறுப்பினர் திட்டத்தில் ரூ.45,000 முன்பணம் கட்ட வைத்துவிட்டார்கள். பரிசு ஒரு டின்னர் செட். மறுநாளே வேண்டாம் என்றோம். ‘முன்பணம் திரும்பத் தரப்படாது’ என்கிறார்கள்.
*(தம்பதியர், சேலம்)*

பதில்: இத்தகைய திட்டங்களுக்கென்று தனிச் சட்டம் இந்தியாவில் இல்லாததால், முதலில் பார்க்க வேண்டியது நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைத்தான். சில நிறுவனங்கள் இத்தனை நாட்களுக்குள் விலகினால் முழுப் பணமும் திருப்பித் தரப்படும் என்று அவர்களே எழுதிவைத்திருப்பார்கள். அது பெரும்பாலும் பின்பக்கத்தில், சாம்பல் நிறப் பொடி எழுத்தில் இருக்கும். விற்பனையாளர் உங்களுக்கு முன்பக்கத்தை மட்டும் திருப்பிக் காட்டியிருப்பார். அந்தப் பிரிவு இருந்தால், அதில் சொன்ன முகவரிக்கு, சொன்ன வழியில், இன்றே எழுதுங்கள்.

அது இல்லாவிட்டாலும் வழி இருக்கிறது. பரிசு என்று சொல்லி அழைத்தது, ‘எந்த சீசனிலும் எந்த ஊரிலும் அறை கிடைக்கும்’ என்று வாயால் சொல்லிவிட்டு, ‘இருப்பைப் பொறுத்தது’ என்று ஒப்பந்தத்தில் எழுதியிருப்பது ஆகியவை நேர்மையற்ற வணிக நடைமுறை என்று நீங்கள் நுகர்வோர் ஆணையத்தில் வாதிடலாம். நீங்கள் ஒரு நாள்கூட அறையைப் பயன்படுத்தவில்லை, மறுநாளே விலகினீர்கள் என்பவை உங்கள் வழக்குக்குப் பெரும் பலம். மீதித் தொகையை மாதத் தவணையாக மாற்றிக் கார்டிலிருந்தோ வங்கிக் கணக்கிலிருந்தோ தானாகப் பிடிக்க நீங்கள் அனுமதி கொடுத்திருந்தால், அதை வங்கியில் உடனே திரும்பப் பெறுங்கள். தானியங்கிப் பிடித்தத்துக்கான அனுமதியை எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்ய வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. ஆனால் அவர்கள் உங்கள் பெயரில் தனியாக ஒரு கடன் எடுத்துக் கொடுத்திருந்தால், அதை அடைக்காமல் விட்டால் உங்கள் சிபில் மதிப்பெண் அடிபடும். அங்கே கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் சேர்த்து எழுத வேண்டும். டின்னர் செட்டைப் பயன்படுத்தாமல் அப்படியே வைத்திருங்கள்.

கேள்வி: லண்டனில் இருக்கும் என் தம்பி, அங்கே போனில் வாங்கிய எதையும் 14 நாட்களில் திருப்பிவிடலாம் என்கிறான். நமக்கு மட்டும் ஏன் இல்லை?
*(வாசகி, தஞ்சாவூர்)*

பதில்: உங்கள் தம்பி சொல்வது பெரும்பாலும் சரி. பிரிட்டனில் 2013-ஆம் ஆண்டின் நுகர்வோர் ஒப்பந்த விதிகள், தொலைபேசி, இணையம் போன்ற வழிகளில் வாங்கியவற்றைக் காரணம் சொல்லாமலே 14 நாட்களுக்குள் ரத்து செய்ய இடம் தருகின்றன. பொருளானால் கைக்கு வந்த மறுநாளிலிருந்து அது எண்ணப்படும். அந்த உரிமை இருப்பதை விற்பவர் சொல்லாமல் மறைத்தால், காலம் மேலும் 12 மாதங்கள் வரை நீளும். உரிமையை மறைத்தவருக்கே அதனால் நஷ்டம் வரும்படி செய்திருப்பதுதான் அந்த விதியின் கெட்டிக்காரத்தனம். எனினும் அங்கேயும் அளவெடுத்துத் தைத்த உடை, முத்திரை உடைத்த சுகாதாரப் பொருட்கள் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு.

வெளிநாடு என்றாலே எல்லா இடத்திலும் இப்படி என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவில் கூட்டாட்சி அரசின் மூன்று நாள் ரத்து விதி வீட்டு வாசலில் விற்பதற்குப் பொருந்தும். முழுக்க முழுக்கத் தொலைபேசியிலேயே முடிந்த விற்பனைக்குப் பொருந்தாது. நம் நாட்டில் காப்பீட்டுக்கு ஒன்று, டிஜிட்டல் கடனுக்கு ஒன்று, நேரடி விற்பனைக்கு ஒன்று என்று அந்தந்தத் துறையின் கட்டுப்பாட்டாளர் தைத்துக் கொடுத்த ஒட்டுகளாகத்தான் இந்த உரிமை இருக்கிறது. ஒட்டுகளுக்கு நடுவே உள்ள கிழிசல்களில்தான் கோயம்புத்தூர் வாசகியும் சேலம் தம்பதியரும் விழுந்திருக்கிறார்கள். வாங்குபவர் பொருளைக் கண்ணால் பார்க்காமல், விற்பவரின் பேச்சை மட்டும் கேட்டு முடிவெடுக்கும் எல்லா விற்பனைக்கும் ஒரே அவகாசத்தை நுகர்வோர் சட்டத்திலேயே எழுதிவிடலாம் என்பது என் கருத்து.

கேள்வி: இந்த அழைப்புகளையே நிறுத்த முடியாதா?
*(வாசகர், காஞ்சிபுரம்)*

பதில்: 1909-க்கு அழைத்து விளம்பர அழைப்புகள் வேண்டாம் என்று பதிவு செய்யலாம். விளம்பர அழைப்புகள் 140 என்று தொடங்கும் எண்களிலிருந்து வர வேண்டும். வங்கி, காப்பீட்டு நிறுவனங்களின் சேவை அழைப்புகளுக்கு 1600 வரிசை ஒதுக்கப்பட்டிருக்கிறது. சாதாரண பத்து இலக்கக் கைபேசி எண்ணிலிருந்து ஒருவர் விற்க முயன்றால் அதுவே விதிமீறல். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2025 பிப்ரவரியில் செய்த திருத்தத்தின்படி, முன்பதிவு செய்யாதவர்களும் இத்தகைய அழைப்பு பற்றி 7 நாட்களுக்குள் புகார் செய்யலாம். முன்பு மூன்றே நாட்கள்தான் அவகாசம் இருந்தது.

கேள்வி: எனக்கு நஷ்டம் ரூ.2,999-தான். வாங்கிய நிறுவனமோ டெல்லியில். இதற்காக வழக்குப் போட்டு அலைய முடியுமா?
*(வாசகி, சிவகாசி)*

பதில்: டெல்லிக்குப் போக வேண்டியதில்லை. 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, புகார் செய்பவர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். உங்களுக்கு அது விருதுநகர் மாவட்ட ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் வைப்பது கட்டாயமும் அல்ல. ‘இ-ஜாக்ரிதி’ என்ற அரசு இணையத்தளம் வழியாக வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் அவகாசம் இருக்கிறது.

அதற்கு முன், தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழைத்துப் பாருங்கள். அவர்கள் தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள், புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள்; சிறு தொகைகளுக்கு அதுவே போதுமானதாகிவிடுவதும் உண்டு. தமிழிலேயே பேசலாம். அழைக்கும் முன் பணம் கட்டிய தேதி, யு.பி.ஐ. பரிமாற்ற எண், உங்களை அழைத்த எண், நீங்கள் எழுத்தில் மறுத்த தேதி ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதி முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். எழுத்தில் மறுத்தது பற்றி உங்கள் கடிதத்தில் ஒன்றும் இல்லை. இன்னும் மறுக்கவில்லை என்றால் முதலில் அதைச் செய்துவிட்டு, பிறகு 1915-ஐ அழையுங்கள்.